கல்லோடு கூட வந்தவை

இரவு விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழிந்தபின், டார்ச்சின் முகப்பில் சிவப்பு செல்லோஃபேன் தாளை ஒட்டிக்கொண்டு உங்கள் கடல்நீர்த் தொட்டியைப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்காத உயிர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது அப்போது தெரியும். கல்லிடுக்கிலிருந்து பாதி உடலை நீட்டி மணலைத் துழாவும் புழு, கண்ணாடியில் ஊரும் கடுகளவு நத்தை, நூல்நூலாக நீளும் வெள்ளைக் கைகள். இதைப் பார்த்துப் பதறிப்போய் கல்லை வெளியே எடுத்துக் கொதிநீரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மனித உயிருக்கே ஆபத்தான விஷயம் அது.

கல்லோடும் பவளத்தோடும் ஒட்டிக்கொண்டு வருபவற்றில் பெரும்பங்கு தொட்டிக்கு நன்மை செய்பவை. ஆம்ஃபிபாடு, கோப்பிபாடு என்ற நுண்ணிய ஓட்டுடலிகள் மீனுக்கு உயிருள்ள தீனி. நட்சத்திர மீன் போன்ற, விரல் நகத்தைவிடச் சிறிய பிரிட்டில் ஸ்டார்கள், நம் கை எட்டாத இடுக்கில் கிடக்கும் மிச்சத் தீனியைத் தின்று தீர்க்கும். ஸ்டோமடெல்லா நத்தையும் கைட்டனும் பாசியைச் சுரண்டும். மணல்மேல் நூலாக நீளும் கைகள் ஸ்பகெட்டி புழுவினுடையவை. அது பவளத்தை ஒன்றும் செய்யாது. ஆகவே, தெரியாத உயிரைக் கண்டால் முதலில் படம் எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஏதாவது ஒரு பொருள் இருக்கட்டும். எத்தனை மணிக்கு வந்தது, எதன்மேல் இருந்தது, எந்தப் பவளம் அன்று விரியவில்லை என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். பவளத்தின்மேல் இருப்பதும் பவளத்தைத் தின்பதும் ஒன்றல்ல. ஏற்கெனவே அழுகும் சதையைத் தின்ன வந்த புழுவைக் கொலைகாரன் என்று நினைத்துவிடுவது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு வாரம் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. அய்ப்டேசியா என்ற சிறு கடல் சாமந்தி, சிவப்புத் தட்டைப்புழு, கல்லுக்குள்ளிருந்து தினமும் கேட்கும் "டிக்" சத்தம். இவற்றைக் கண்ட அன்றே, கேட்ட அன்றே வேலையைத் தொடங்க வேண்டும்.

வாசலிலேயே நிறுத்துவது

இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ வேறெந்தக் கடலிலிருந்தோ பவளக்கல்லை எடுத்துவந்து "லைவ் ராக்" என்று தொட்டியில் வைப்பது குற்றம். உலர்ந்த கல்லிலோ செராமிக் கல்லிலோ தொட்டியைத் தொடங்குங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உலர்ந்த கல்லில் ஒட்டுயிர் எதுவும் வராது. பிறகு எது வந்தாலும் ஃப்ராக் எனப்படும் வெட்டியெடுத்த பவளத் துண்டு, பாசி, நத்தை ஓடு ஆகிய மூன்று வழிகளில்தான் வரும். மூன்று வாசலைக் காவல் காப்பது எளிது.

ஃப்ராக் வந்ததும் வெள்ளை நிறத் தொட்டிகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடர்நிறத் தொட்டியில் விழுந்தது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் மீன்தொட்டித் தண்ணீர் இரண்டு லிட்டர். முதல் தொட்டியில் டிப் மருந்தை (பவளத்தை முக்கியெடுக்கும் மருந்து) புட்டியில் சொன்ன அளவுக்குக் கலந்து, ஃப்ராக்கைப் பத்து நிமிடம் வைத்து, ஊசி இல்லாத 50 மி.லி. சிரிஞ்சால் எல்லாப் பக்கமும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். வெறுமனே ஊறவைத்தால் பலன் பாதிதான். மருந்தில் மயங்கிய புழுவைப் பிய்த்து விழவைப்பது அந்தப் பீய்ச்சல். மற்ற இரண்டு தொட்டிகளும் அலசுவதற்கு. அந்த ஆறு லிட்டரும், கடைசியில் சொல்வதுபோல் பிளீச் கலந்து வைத்த பிறகு, சாக்கடைக்கு, ஒரு சொட்டுகூட மீன்தொட்டிக்குத் திரும்பக் கூடாது. அயோடின் டிப் வெட்டுப்பட்ட இடத்தில் கிருமி சேராமல் காக்கும், தட்டைப்புழுவுக்கு அதை நம்ப வேண்டாம். ஃப்ராக் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையில் பாசி இருந்தால் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்குக்குத் தொட்டித் தண்ணீர் ஒன்பது பங்கு, ஐந்து நிமிடம்.

எந்த டிப்பும் முட்டையைக் கொல்லாது. இந்த ஒரு வரியை மறந்ததால் அழிந்த அக்ரோபோரா (கிளைவிடும் கல் பவளம்) தொட்டிகள் எத்தனையோ. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு தன் முட்டைகளைச் சதை செத்த வெற்று எலும்பின்மேல், அடிப்பகுதியில், பொன்பழுப்பு நிறக் கொத்தாக இடும். மாண்டிபோரா என்ற கல் பவளத்தைத் தின்னும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) அடிப்பக்கத்தில் வெண்மணிகளாக இடும். எனவே டிப் முடிந்ததும் ஃப்ராக்கைப் பழைய அடிக்கட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். பவளம் வெட்டும் கத்தரியால் சதை இல்லாத பகுதியை வெட்டி எறிந்து, சூப்பர் க்ளூ ஜெல் வைத்துப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். முட்டை தெரிந்தால் கத்தி நுனியால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தையும் ஜெல்லால் மூடுங்கள். பழைய கட்டைதான் அய்ப்டேசியா, வெர்மெட்டிட் நத்தை, குமிழிப் பாசி எல்லாம் பயணம் செய்யும் வண்டி. அதைக் கழற்றுவதற்குச் சோம்பலே கூடாது.

அடுத்தது தனிமைத் தொட்டி. 40 முதல் 60 லிட்டர், 25-26 டிகிரி வெப்பம், பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், சிறிய வேவ் பம்ப், பவளத்துக்குப் போதுமான விளக்கு. மணல் வேண்டாம், ஒளிந்துகொள்ள இடமாகிவிடும். ஐந்தாறு வாரம் வைத்து, ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை டிப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சு, அடுத்த முட்டை இடும் முன்பே போய்விடும். அதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம்.

கண்ணுக்கே தெரியாமல் வருவது மீனின் வெண்புள்ளி நோய், கிரிப்டோகாரியான். மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி கல், நத்தை ஓடு, ஃப்ராக் கட்டை என்று கடினமான எதன்மேலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். கூட்டிலிருந்து வெளிவந்ததும் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். ஆனால் சில கூடுகள் பத்து வாரம் வரை தாமதமாகத் திறக்கும். ரீஃப் (பவளத் தொட்டி) வளர்ப்பவர்கள் மீனில்லாத தொட்டியில் 76 நாள் என்று கணக்கு வைத்திருப்பது இதனால்தான். மேலே சொன்ன ஐந்தாறு வாரம் புழுவுக்குப் போதும்; மீன் நோயைத் தடுக்க நினைத்தால் 76 நாளும் வேண்டும். கல்லும் பவளமும் இருக்கும் தொட்டியில் தாமிர மருந்தைப் போடவே கூடாது. கல் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், முதுகெலும்பில்லாத உயிர்கள் எல்லாம் செத்துவிடும்.

உலர்ந்த கல்லுக்குப் பதில் இன்னொருவர் தொட்டியிலிருந்து பழகிய கல் வருகிறதா? பவளம் ஒட்டாத கல் என்றால் உப்புமிகு குளியல் நன்றாக வேலை செய்யும். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள தொட்டித் தண்ணீர் 10 லிட்டரில் கடல் உப்புக் கலவை 120 முதல் 130 கிராம் கரைத்தால் ஒப்படர்த்தி 1.035-ஐ ஒட்டி வரும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபார்த்துவிட்டு, கல்லை ஐந்து முதல் பத்து நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். நண்டு, இறால், புழு என்று உள்ளே இருப்பவை வெளியே ஓடிவரும். நல்லவற்றை உடனே பழைய உப்பளவுள்ள தண்ணீருக்கு மாற்றிக் காப்பாற்றலாம்.

அய்ப்டேசியா

பழுப்பு நிறத்தில், கண்ணாடி போன்ற தண்டோடு, தொட்டால் சட்டென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும் சிறு கடல் சாமந்தி. முதலில் ஒன்று இருக்கும். அழகாகத்தான் இருக்கிறதே என்று விட்டால் ஆறு மாதத்தில் கல் முழுக்க அதுதான். அதன் கொட்டும் இழைகள் பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும்.

அதைச் சுரண்டி எடுக்கவோ பிய்க்கவோ கூடாது. அய்ப்டேசியா தன் பாதத்தின் ஓரத்தைத் தானே துண்டுதுண்டாக விட்டுச் சென்று பெருகும் உயிர். கல்லில் ஒட்டியிருக்கும் சிறு சதைத் துணுக்கு ஒவ்வொன்றும் முழு அய்ப்டேசியாவாகும். கத்தியால் ஒன்றை எடுத்தவர் இரண்டு வாரத்தில் ஏழெட்டைப் பார்ப்பார். பாதி செத்த அய்ப்டேசியாவும் இதே ஆபத்துதான். அதனால் எந்த வழியானாலும் வாய் வழியே உள்ளே போய் முழுசாகக் கொல்ல வேண்டும்.

கையில் இருக்கும் சிறந்த ஆயுதம் சுண்ணாம்பு. ரீஃப் கடையில் கால்க்வாசர் என்ற பெயரில் விற்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பும் வேதியியலில் அதுவேதான். ஆனால் கடைச் சுண்ணாம்பில் நிறமோ வாசனையோ கலந்திருக்கலாம் என்பதால் உணவுத் தரத் தூளையே வாங்குங்கள். ஒரு தேக்கரண்டித் தூளில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட்டுத் தோசைமாவுப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். நீர்த்துப்போனால் தொட்டியில் பரவிவிடும், கெட்டியானால் ஊசியை அடைக்கும். சூடாக்கக் கூடாது, தெறித்தால் தோலும் கண்ணும் வெந்துபோகும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

பம்ப் அனைத்தையும் நிறுத்திவிட்டு, மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சை மிக மெதுவாகக் கொண்டுபோங்கள். நிழல் அதன்மேல் விழுந்தாலே சில உள்ளே போய்விடும். வாய்த்தட்டுக்கு அரை சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தி, தீனி விழுவதுபோல ஒரு துளி விடுங்கள். அது கைகளை மடக்கி விழுங்கத் தொடங்கும்போது மீதி அரை முதல் ஒரு மி.லி.யை விட்டு, ஓட்டையோடு சேர்த்து மூடுங்கள். பதினைந்து நிமிடம் நீர் அசையாமல் இருக்கட்டும். 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு துளியும் பி.எச். அளவை ஏற்றும், 8.5-ஐத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மூன்றாம் நாள் அதே இடத்தைப் பாருங்கள், சின்னக் குட்டிகள் எட்டிப் பார்க்கலாம். கல்லைத் தூக்கி எடுக்க முடியுமானால், சுற்றிலும் ஜெல் பூசி உள்ளேயே புதைத்துவிடுவது இன்னும் நிச்சயமான வழி.

முப்பது நாற்பது ஆகிவிட்டால் ஊசியால் ஜெயிக்க முடியாது, வேட்டையாடும் உயிர் வேண்டும். என் முதல் தேர்வு பெர்கியா நூடிபிராங்க். அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. 200 லிட்டருக்கு ஆறு முதல் பத்து வரை, ஒரே இடத்தில், விளக்கு அணைந்தபின், அய்ப்டேசியா கூட்டத்துக்குப் பக்கத்தில் விட வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், பொறுமை தேவை. சிக்ஸ்லைன் போன்ற ராஸ் மீன்களும் பெப்பர்மின்ட் இறாலும் இருந்தால் பெர்கியாவையே தின்றுவிடும். பம்ப் வாயில் உறிஞ்சப்பட்டும் சாகும், வலை கட்டுங்கள். அய்ப்டேசியா தீர்ந்ததும் பட்டினியில் இறந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே பிடித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது நியாயம்.

பெப்பர்மின்ட் இறால் மலிவு. ஆனால் எல்லாமே தின்னும் என்று சொல்ல முடியாது. தீனி தாராளமாக விழும் தொட்டியில் அது அய்ப்டேசியாவைத் திரும்பியும் பார்க்காது. வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதுகு கூனி, பெரிய கண்ணோடு, சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் கலந்திருந்தால் அது கேமல் இறால். பல கடைகளில் இரண்டும் ஒரே தொட்டியில் கிடக்கும். கேமல் இறால் பவளத்தின் பாலிப்பையே (பவளத்தின் உயிருள்ள சதைமொட்டு) பிய்த்துத் தின்னும். காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீனைப் பலரும் சொல்வார்கள். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு அது வேண்டாம்; தீனி பழகாமல் பட்டினி கிடந்து செத்த மீன்கள் ஏராளம். ஒரு களை எடுக்க ஒரு மீனைப் பலி கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

புழுக்கள்

இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை முள்மயிர். இது சாதாரண பிரிஸ்டில் வார்ம். தின்பது கழிவை, செத்த மீனை, மிச்சத் தீனியை. அதன் எண்ணிக்கை உங்கள் கைத்தாராளத்தின் அளவுகோல். நூறு புழு தெரிந்தால் தீனியைக் குறையுங்கள், தானே குறையும். மொத்தமாகக் கொன்றால் கல்லுக்குள் அழுகி அம்மோனியா ஏறும். கையில் மயிர் குத்திவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி இழுத்து எடுத்துவிட்டு, வினிகர் தடவுங்கள்.

அஞ்ச வேண்டியது தீப்புழு. கரீபியன், மத்திய தரைக்கடல் பக்கத்துக் கல்லோடு வரும் ஹெர்மோடீஸ் இனத்துக்கு ஒவ்வொரு கணுவிலும் அடர்ந்த வெள்ளைக் குஞ்சமும், தலையில் மடிப்புமடிப்பான சதைக்கொண்டையும் இருக்கும். கொண்டையைக் கண்டால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மற்றது யூனிசிட் குடும்பம்: தலையில் ஐந்து உணர்கொம்பு, வெளிச்சம் பட்டால் வானவில் மினுக்கம், உள்ளே தாடை. பாபிட் புழு இந்தக் குடும்பம்தான். 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகரிலுள்ள ப்ளூ ரீஃப் அக்வேரியத்தில் பவளங்கள் பாதி அறுபட்டுக் கிடக்க, காட்சித்தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது ஏறத்தாழ நான்கடி நீளப் புழு கிடைத்தது. தலையைப் பிடித்து இழுத்தால் அறுந்து மீதி உள்ளேயே தங்கிவிடும். புழு இருக்கும் கல்லையே வெளியே எடுத்து உப்புமிகு குளியல் கொடுங்கள். அது வெளிவராவிட்டால் அந்தக் கல்லை இழப்பதுதான் மிச்சத் தொட்டியைக் காக்கும்.

"டிக்" சத்தமும் நண்டும்

இரவில் கல்லுக்குள்ளிருந்து விரல் சொடுக்குவதுபோலச் சத்தம் வந்தால், ஒன்று பிஸ்டல் இறால், அல்லது மாண்டிஸ் இறால். பிஸ்டல் இறாலின் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும். நத்தை ஓடுகள் உடைந்து கிடந்தாலோ, சிறு மீன் காணாமல் போனாலோ மாண்டிஸ்தான். மயில் மாண்டிஸ் இறாலின் அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது, வெறுங்கையை ஓட்டைக்குள் விடாதீர்கள். எந்தக் கல் என்று காதை வைத்துக் கண்டுபிடித்து, பகலில் அது வீட்டில் இருக்கும்போது கல்லை எடுத்து வாளிக்கு மேலே பிடியுங்கள். இனிப்போ சுவையோ சேர்க்காத வெறும் சோடாவை 20-30 மி.லி. சிரிஞ்சால் ஓட்டைக்குள் செலுத்தினால் சில நொடியில் குதித்து வெளியே விழும். இதைத் தொட்டிக்குள் செய்தால் பி.எச். விழுந்து மற்றவை திணறும். பிடித்ததைக் கொல்லாதீர்கள், தனியே 20 லிட்டர் தொட்டியில் வைத்தால் மிகச் சுவாரசியமான உயிர், கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

நண்டுக்கு நகத்தைப் பாருங்கள். நுனி கரண்டிபோல் குழிந்திருந்தால் பாசி சுரண்டுவது. உடம்பெல்லாம் மயிர், கருத்த கூர்நகம் என்றால் மாமிசம் தின்னும் கூட்டம். அக்ரோபோரா, பொசிலோபோரா கிளைகளுக்குள் வழுவழுப்பாக உட்கார்ந்திருக்கும் ட்ரபீசியா, டெட்ராலியா நண்டுகளைத் தொடவே தொடாதீர்கள். கடலில் முள்முடி நட்சத்திர மீன் வந்தால் கொடுக்கால் கிள்ளி விரட்டிப் பவளத்தைக் காப்பவை அவை. மயிர் நண்டைப் பிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். உள்ளே இறால் துண்டைப் போட்டு, விளிம்பு கல்லைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். இறங்கிய நண்டு வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாமல் காலையில் அங்கேயே இருக்கும்.

சிவப்புத் தட்டைப்புழு

மூன்று முதல் ஐந்து மி.மீ. நீளம், துருநிறம், வால் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பவளத்தைத் தின்னாது, ஆனால் போர்வையாகப் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். இதில் உயிர்ச்சேதம் நேர்வது புழுவால் மட்டுமல்ல, அவசரத்தாலும்தான். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சாகும்போது அவற்றின் உடலிலுள்ள நஞ்சு தண்ணீரில் கலந்து மீன்களைக் கொன்றுவிடும். முதல் பத்து நாள் மருந்தைத் தொடாமல், ஏர்லைன் குழாயால் தினமும் உறிஞ்சி எடுங்கள். குழாயின் மறுமுனையில் நெருக்கமான ஃபில்டர் துணி இருந்தால் தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றலாம். எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கான பிறகே ஃப்ளாட்வார்ம் எக்ஸிட் போன்ற மருந்து. அன்று 200 லிட்டர் தொட்டிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் 200 கிராமுக்குக் குறையாமல், முன்பே கலந்து சூடேற்றிய உப்புநீர் 50 லிட்டர், எல்லாம் தயாராக இருக்க வேண்டும். புழுக்கள் மிதக்கத் தொடங்கியதும் உறிஞ்சிக்கொண்டே இருங்கள். மீன் வேகமாக மூச்சிரைத்தால் காத்திருக்காமல் கார்பனை ஓடவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள்.

வெர்மெட்டிட் நத்தையின் குழாய் வாயைச் சூப்பர் க்ளூ ஜெல்லால் அடைத்தால் போதும். ஆஸ்டரீனா என்ற சிறு நட்சத்திர மீன் பெரும்பாலும் பாசிப் படலத்தைத் தின்பது. ஸோவாந்தஸ் என்ற பொத்தான் பவளத்தின் மேலேயே தினமும் உட்கார்ந்திருந்தால் மட்டும் எடுங்கள். ஸோவாந்தஸ் நடுவே கருப்பு வெள்ளைக் கட்டமாகச் சுருண்ட சன்டயல் நத்தை தெரிந்தால் கையால் எடுத்துவிடுங்கள்.

கொதிநீர் ஏன் கூடாது

கல்லில் தானாக வந்து படரும் பழுப்புப் பொத்தான்கள் பாலிதோவா என்ற பொத்தான் பவளமாக இருக்கலாம். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிநீர் ஊற்றினாலோ, நீராவி அடித்தாலோ, கல்லைக் காயவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாலோ அந்த நஞ்சு காற்றில் ஏறி மூச்சுக்குள் போகும். 2012 முதல் 2014 வரை அலாஸ்காவில் மீன்தொட்டிக் கடையிலும் வீடுகளிலும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை அறிகுறிகள். வீட்டில் ஒருவருக்கு வந்தாலும் எல்லோரும் வெளியேறி மருத்துவமனைக்குப் போங்கள், பாலிடாக்சின் என்ற சொல்லை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலிதோவா படர்ந்த கல்லைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, கையுறை, கண்ணாடி, முகக்கவசத்தோடு கையாளுங்கள். வேண்டாம் என்றால் திறந்த வெளியில் வாளித் தண்ணீரில் பிளீச் கலந்து அதில் அந்தக் கல்லை முழுக முழுக இரண்டு நாள் ஊறவிடுங்கள்.

எடுத்த எதையும் கடலிலோ கழிமுகத்திலோ விடக்கூடாது. 1984-இல் மொனாக்கோ கடலோரத்தில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் இடத்தில் தென்பட்ட காலர்பா டாக்ஸிஃபோலியா என்ற கடற்பாசி, மீன்தொட்டியில் வளர்த்த ரகம். பிறகு மத்திய தரைக்கடலின் அடித்தரையில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. பாசியையும் புழுவையும் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். அலசிய தண்ணீரில் லிட்டருக்கு பிளீச் இரண்டு மூடி ஊற்றி ஓர் இரவு வைத்த பின்புதான் சாக்கடை.